என்பிடெல்: பாடத்துக்குக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு

பாலிடெக்னிக் கல்லூரியொன்றில் மின்னணுவியல் கற்பிக்கும் நான், பைத்தான் நிரல்மொழியை முறையாகக் கற்க வேண்டிய தேவை வந்தபோது, சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்பிடெல் (NPTEL) இணையவழிக் கல்வித் தளத்தில் எட்டு வார வகுப்பொன்றில் சேர்ந்தேன். அதன்பின் வேறு இரண்டு வகுப்புகளையும் முடித்திருக்கிறேன். என் மாணவர்களையும் ஆண்டுதோறும் சேர்த்துவிடுகிறேன். இணையவழிக் கல்வியின் முன்னோடி என்று எத்தனையோ சேவைகள் தம்மை அழைத்துக்கொண்டாலும், அந்தச் சொல் பொருந்துவது என்பிடெலுக்குத்தான் என்பது என் துணிபு.

சேருவதற்கு முந்தைய ஆண்டு, என் மகளுக்காக ஒரு தனியார் கற்றல் செயலிக்கு மாதத் தவணையில் பணம் கட்டியிருந்தேன். வீட்டுக்கே வந்து பேசிய விற்பனையாளர், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். மூன்றாம் மாதம் நிறுத்தக் கேட்டபோது தவணை வேறொரு கடன் நிறுவனத்தின் பெயரில் இருப்பது தெரிந்தது. படிக்காத பாடத்துக்கு ஆண்டு முழுவதும் வங்கிக் கணக்கில் பிடித்தம் தொடர்ந்தது. அந்தச் சூட்டோடு வந்தவனுக்கு, பெயரும் மின்னஞ்சலும் கொடுத்த உடனே முழுப் பாடமும் திறந்துகொண்ட ஒரு தளம் எவ்வளவு நிம்மதி தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. சென்னை, மும்பை, தில்லி, கான்பூர், கரக்பூர், கௌகாத்தி, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியுதவியுடன் 2003இல் இதைத் தொடங்கின. அப்போது சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த பேராசிரியர் எம்.எஸ். அனந்த் இதன் முதன்மையான உந்துசக்தி. நாடெங்கும், குறிப்பாகத் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும், பொறியியல் கல்லூரிகள் பெருகிய வேகத்துக்கு ஈடாக நல்ல ஆசிரியர்கள் பெருகவில்லை என்பதே இவர்கள் எதிர்கொண்ட சிக்கல். ஆகவே தேர்ந்த பேராசிரியர் ஒருவரின் பருவப் பாடம் முழுவதையும், ஏறத்தாழ நாற்பது மணி நேரம், அப்படியே படம்பிடித்து எல்லோருக்கும் தருவது என்று முடிவாயிற்று. இணைய வேகம் போதாத அந்நாட்களில் வன்தட்டில் நிரப்பிக் கல்லூரிகளுக்கு அனுப்பிய காலமும் உண்டு. பிறகு யூடியூப் வந்து அந்தத் தடையை நீக்கியது.

ஆனால் பாடம் கைக்கு எட்டுவதால் மட்டும் கல்வி நிகழ்ந்துவிடாது என்பது உலக அளவிலேயே பின்னர் தெளிவாயிற்று. 2011இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்தபோது ஏறத்தாழ 1,60,000 பேர் பதிந்தனர். மறு ஆண்டே கோர்செரா, எட்எக்ஸ் என்ற இணையவழி வகுப்புத் தளங்கள் தோன்றின. எட்எக்ஸின் தலைவராக அமைந்த அனந்த் அகர்வால் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், மின்சுற்றுகள் குறித்து அவர் குழுவினர் நடத்திய முதல் வகுப்பில் ஏறத்தாழ 1,55,000 பேர் சேர்ந்தனர், சான்றிதழ் பெற்றவர்களோ ஏழாயிரத்துச் சொச்சம் பேர். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்த இரண்டு எண்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 2014இல் என்பிடெல் சான்றிதழ் வகுப்புகளைத் தொடங்கியபோது இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வைத்தான் நான் உண்மையான புதுமை என்பேன்: பாடமும் வாராந்திரப் பயிற்சியும் யாருக்கும் இலவசம், சான்றிதழ் வேண்டுபவர் மட்டும் கட்டணம் கட்டி, குறித்த நாளில் குறித்த மையத்துக்கு நேரில் சென்று, கண்காணிப்பாளர் முன்னிலையில் தேர்வு எழுத வேண்டும்.

நான் எடுத்த பைத்தான் வகுப்பை நடத்தியவர் சென்னைக் கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த். நிரல்மொழி வகுப்பு என்றால் திரையில் வணக்கம் அச்சிடுவதில் தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியில் தொடங்கினார். முதலில், பள்ளியில் செய்ததுபோல இரு எண்களின் வகுத்திகளையும் பட்டியலிட்டுப் பொதுவானவற்றைப் பிரித்தெடுக்கும் வழி. அடுத்து, பட்டியலே வேண்டாம், இதுவரை கண்டதில் பெரியதை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்று ஒரு திருத்தம். பிறகு, பெரியதிலிருந்து கீழ்நோக்கி வந்தால் முதலில் கிடைப்பதே விடை என்று இன்னொரு திருத்தம். கடைசியாக யூக்ளிடின் முறை: 63ஐ 14ஆல் வகுத்தால் மீதி 7, 14ஐ 7ஆல் வகுத்தால் மீதி இல்லை, ஆகவே விடை 7. இரண்டே படிகளில் முடிந்துவிடும் அந்தக் கணக்கைப் பார்த்தபோது, ஒரே விடைக்குச் செல்லும் வழிகளுக்கிடையே இத்தனை தொலைவு இருக்க முடியும் என்பது, இருபது ஆண்டுகள் கற்பித்த பிறகும், எனக்குப் புதிதாகத் தைத்தது. ஏழாம் எட்டாம் வாரங்களில், தரவை எளிதில் தேடும்படி அடுக்கிவைக்கும் தேடல் மரங்களையும், ஏற்கெனவே கண்ட விடைகளைச் சேமித்துவைத்து மீண்டும் பயன்படுத்தும் இயங்குநிலை நிரலாக்கத்தையும் தொட்டபோதுகூட, எந்த வழி குறுகியது என்று முதல் வாரத்தில் விதைத்த அந்தக் கேள்வியே பாடத்தை நடத்திச் சென்றது. படத்தில் வேடிக்கை அசைவுகளோ இசையோ கிடையாது. ஒரு முகம், சில படவில்லைகள், நிதானமான குரல், அவ்வளவே.

வாராந்திரப் பயிற்சிகளில் நிரல் எழுதும் பகுதி மிகவும் நேர்மையானது. நாம் அனுப்பும் நிரலை, கண்ணுக்குத் தெரியும் சில உள்ளீடுகளோடு, மறைத்துவைத்த வேறு சில உள்ளீடுகளையும் கொடுத்துத் தளமே சோதிக்கிறது. வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால் என் நிரல் முறிந்துபோகும் என்பதை அந்த மறைவான சோதனைகளிலிருந்துதான் கற்றேன். கெடு நாள் கடந்துவிட்டால் அந்த வாரத்துக்கு மதிப்பெண் இல்லை. எட்டு வாரங்களில் சிறந்த ஆறு மட்டுமே கணக்கில் சேரும் என்பதால், வீட்டில் காய்ச்சலோ கல்லூரியில் தேர்வுப் பணியோ வந்த வாரங்களை அந்த விதி தாங்கிக்கொண்டது.

பயிற்சிகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிகிறது. பயிற்சியில் 10, தேர்வில் 30 இருந்தால்தான் சான்றிதழ். நான் கட்டிய கட்டணம் 1,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை உண்டு. சான்றிதழில் இரண்டு மதிப்பெண்களும் தனித்தனியே அச்சாவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, ஏனெனில் பயிற்சியில் 24 வாங்கித் தேர்வில் 31 வாங்கியவரின் கதையை அந்தத் தாளே சொல்லிவிடுகிறது.

அந்தக் கதை பலருடையது என்பதையும் மறைக்கக் கூடாது. பல வகுப்புகளின் வாராந்திரப் பயிற்சிகள் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாகவே இருப்பதால், அவற்றின் விடைகள் கெடுவுக்கு முன்பே யூடியூபிலும் டெலிகிராமிலும் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு, பட்டப்படிப்பின் மதிப்பலகுகளில் (கிரெடிட்) 20 விழுக்காடு வரை, மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தின் வகுப்புகள்மூலம் பெறலாம் என 2016இல் அனுமதித்து, 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது; என்பிடெல் வகுப்புகளும் ஸ்வயத்தில் அடங்கும் என்பதால், விருப்பமின்றி மதிப்பலகுக்காக மட்டும் சேருபவர்களின் கூட்டமும் பெருகியது. இதற்குப் பொறுப்பு தளத்தைவிடக் கல்லூரிகளுக்கே அதிகம் என்று நினைக்கிறேன். பாடங்களின் தரமும் ஒரே சீராக இல்லை: வகுப்பறைக் கரும்பலகையைத் தொலைவிலிருந்து படம்பிடித்த பழைய பாடங்கள் சிலவற்றில் எழுத்து தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே முன்னோட்டப் படத்தோடு நின்றுவிடாமல், நடுவில் ஒரு பாடத்தைப் பத்து நிமிடமாவது பார்த்துவிட்டுச் சேருவது நல்லது.

இதே மரபின் நீட்சியாக, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. தேர்வு கேட்காமல், நான்கு வாரம் பாடம் நடத்தி அதிலிருந்தே தகுதித் தேர்வு வைப்பதும், நடுவில் டிப்ளமோவோடு விலகிக்கொள்ள இடம் தருவதும் அதன் சிறப்புகள். ஆனால் அது கட்டணமுள்ள பட்டப்படிப்பு. அதைத் தனியே மதிப்பிடுவதே முறை.

என் மாணவர்களுக்குப் பெரிய தடை ஆங்கிலம். பல பாடங்களின் எழுத்துப்படி தமிழிலும் கிடைக்கிறது என்றாலும் எல்லாவற்றுக்கும் இல்லை. ஆகவே வாரத்தில் இரண்டு பாடவேளைகளை ஆய்வகத்தில் ஒதுக்கி, இருபது நிமிடம் பாடத்தை ஓடவிட்டு, நிறுத்தி, அதே கணக்கைத் தாளில் தமிழில் படிப்படியாகப் போட்டுப் பார்க்கிறோம். இப்படிச் செய்த குழுவினர் மறைவான சோதனைகளையும் தாமாகவே கடந்தார்கள். தனியே சேர விரும்புவோர் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் பருவங்களைக் கவனிக்கலாம். தேர்வுக் கட்டணத்துக்கான கெடு வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே வருகிறது என்பதால், முதல் இரண்டு வாரப் பயிற்சிகளைத் தாமே போட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.