கிண்ணமா, கைவலையா?

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் என்னென்ன காட்டுத் தேனீ இருக்கிறது என்று கணக்கெடுக்க, மஞ்சள், நீலம், வெள்ளைக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைக்கலாம்; நிறத்தைப் பார்த்துப் பூ என்று வரும் தேனீ அதில் விழும். அல்லது கைவலையோடு பூப்பூவாக நடக்கலாம்.

கிண்ணத்துக்குச் செலவு குறைவு. யார் வைத்தாலும் ஒன்றுதான். பல ஊர்களை ஒப்பிடுபவர்கள் இதை விடாமல் பிடித்திருப்பது அதனால்தான். ஆனால் விழுவது பெரும்பாலும் சின்னஞ்சிறு வியர்வைத் தேனீக்கள். மூலனூர் முருங்கைப் பூவில் ரீங்கரிக்கும் கருவண்டு, அதாவது தச்சுத் தேனீ, அதில் சிக்குவது அபூர்வம். அப்புறம், வெள்வேல் பூத்துக் குலுங்கினால் தேனீ பூவுக்குப் போய்விடும், கிண்ணம் காலியாகக் கிடக்கும்; பூ குறைந்தால் நிரம்பும். அதைப் பார்த்துத் தேனீ பெருகிவிட்டது என்று சொன்னால் தப்புக்கணக்கு. ஆராய்ச்சியாளர்களின் சண்டையே பெரிதும் இதில்தான்.

வலையில் எந்தத் தேனீ எந்தப் பூவில் என்று தெரியும். கத்தரிப் பூவை உடம்பால் அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் நீலப்பட்டைத் தேனீயைச் செடியோடு சேர்த்தே குறிக்கலாம். கைப்பழக்கம் இல்லாதவர் சின்னதைக் கோட்டைவிடுவார், அது ஒரு குறை.

ஒரு தோட்டத்துக்கு மட்டும் என்றால் என் ஓட்டு வலைக்கு. பல ஊர், பல வருஷம் என்றால் சரி, கிண்ணமே வையுங்கள்; அன்றைக்குச் சுற்றிலும் எவ்வளவு பூ இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.