கோத்தகிரியில மூணு வருஷம் 8×42 பைனாகுலர்: நிஜத்துல எவ்ளோ தெரியுது?

வாங்கி இந்தத் தையோட மூணு வருஷம். 8×42ல 8ங்கறது எத்தன மடங்கு பெருசாக் காட்டும்ங்கறது, 42ங்கறது முன்பக்க லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. வாங்கறப்போ எல்லாரையும் போல நானும் 8ஆ 10ஆன்னு மண்டைய உடைச்சுக்கிட்டேன், பெரிய நம்பர்னா நிறைய தெரியும்னு தானே யாருக்கும் தோணும். போன வருஷம் ஃப்ரெண்ட் ஒருத்தர் அவரோட 10×42வ ரெண்டு வாரம் குடுத்து வச்சிட்டுப் போனாரு, சரி சோதிச்சே பாத்துடலாம்னு இறங்கிட்டேன்.

சோதனைக்கு எடுத்தது நம்ம தினக் காலண்டர். காம்பவுண்டு சுவர்ல ஆணி அடிச்சு மாட்டி, டேப் பிடிச்சு அளந்து பின்னாடி பின்னாடி போய்ட்டே இருந்தேன். பெரிய தேதி நம்பர விடுங்க, கீழ பொடி எழுத்துல ராகு காலம் எமகண்டம்னு போட்டிருக்கும்ல, அதத் தடுமாறாம படிக்கிற தூரம் தான் கணக்கு. வெறும் கண்ணுக்கு 6 அடி. அப்போ 8 மடங்குன்னா 48 அடி வரணும். கையில பிடிச்சுப் பாத்தா 35 அடியிலயே எழுத்து ஆட ஆரம்பிச்சுது, குளிகையா எமகண்டமான்னு குத்துமதிப்பா தான் சொல்ல முடியுது. அப்புறம் ஏணிய நிறுத்தி, படியில ஒரு கம்பளிய மடிச்சுப் போட்டு, அதுமேல ஊனிப் பாத்தேன், 46 அடி வரைக்கும் ஜம்முனு படிச்சேன். 10ஐ கையில பிடிச்சப்போ 37 அடி, வெறும் ரெண்டடி தான் கூட! அதுவே ஏணியில ஊனினா 57. பத்து மடங்குக்குக் காசு குடுத்துட்டு அத கை நடுக்கத்துல விட்டுடறோம், அவ்ளோதான் விஷயம். (வீட்டம்மா வந்து "ராகு காலம் பாக்க இவ்ளோ தூரமா போவாங்க?"ன்னு கேட்டுட்டு உள்ள போய்ட்டாங்க.)

காலண்டர் வெயில்ல இருந்துச்சு, சோலைக்காடு அப்படி இல்ல. லாங்வுட் சோலைக்குள்ள சாயங்காலம் அஞ்சரைக்கு மேல போனா பாதி இருட்டு. கீழ்ப்புதர்ல அந்தக் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் உக்காந்திருந்துச்சு, ஆணுக்குத் தலை கருப்பு, பொண்ணுக்குப் பழுப்பு, அந்த வெளிச்சத்துல வெறுங்கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு தான். 8ல தலை பழுப்புன்னு பட்டுனு தெரிஞ்சுது, கண்ணச் சுத்தி ஒரு வெளிறின வளையம் கூட. 10ல பறவை பெருசா இருந்துச்சு, ஆனா மங்கல். 42ஐ 8ஆல வகுத்தா 5.25 மில்லிமீட்டர், 10ஆல வகுத்தா 4.2, கண்ணுக்கு வர்ற ஒளிக்கத்தையோட அகலம் அது. பகல்ல இந்த வித்தியாசம் சுத்தமா தெரியாது.

கோடநாடு வியூ பாயிண்ட்ல வேற கதை. மழை விட்ட மறுநாள் காலையில ஏழு மணிக்குப் போனா கீழ தெங்குமரஹடா வயல் ஒவ்வொண்ணோட வரப்பும் கோடு போட்ட மாதிரி இருக்கும். அதே இடத்துல மதியம் பன்னெண்டுக்கு சுவர்ல ஊனிப் பாத்தும் எல்லாம் கொதிக்கிற தண்ணிக்குள்ள கிடக்குற மாதிரி நெளியுது, 8 10 ரெண்டும் ஒரே லட்சணம். காத்து கலங்கினா எந்தக் கண்ணாடியாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

வியாழன் பாக்கணும்னா விளக்குமாத்துக் கட்டைய தலைகீழா நிறுத்தி அதுமேல பைனாகுலர வைங்க. 1610ல கலிலியோ பாத்த நாலு நிலாவுல எனக்கு மூணு தெளிவா கிடைச்சுது, நாலாவது அன்னிக்கு கிரகத்த ஒட்டி இருந்துச்சு போல. கையில பிடிச்சா அது வெறும் துள்ளுற புள்ளி.

குறைன்னா ரெண்டு. பனி நாள்ல மூச்சு பட்டாலே கண் பக்கத்து லென்ஸ் பூத்துடுது, தொடைச்சிட்டே இருக்கணும். வீட்டுல சும்மா அலமாரியில வச்சா இந்த ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், என்னோட பழைய பைனாகுலர் அப்படித்தான் போச்சு, இத மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். ரெண்டாவது, வலது பக்க ரப்பர் கப் ஒரே வருஷத்துல லூசாயிடுச்சு, கம்பெனிக்கு ரெண்டு தடவ எழுதியும் பதில் இல்ல. சைக்கிள் ட்யூப்ல ஒரு வளையம் வெட்டி மாட்டினேன், இன்னிக்கு வரைக்கும் நிக்குது.