பழைய காட்டன் பெட்ஷீட்ல போராட்ட பேனர்: ஆறு பேனர் செஞ்ச பிறகு எழுதுற ரிவ்யூ

மூணு வருஷத்துல கையால ஆறு பேனர் செஞ்சிருக்கேன். ஒண்ணு சார்ட் பேப்பர்ல, ஒண்ணு பாலியஸ்டர் துணியில, மீதி நாலும் வீட்ல கிடந்த பழைய காட்டன் பெட்ஷீட்ல. நடுவுல ஒரு தடவை கடையில குடுத்து ஃப்ளெக்ஸும் அடிச்சுப் பார்த்தாச்சு. எல்லாத்தையும் வெயில்ல, மழையில, காத்துல தூக்கிப் பிடிச்சு நின்ன அனுபவத்துல சொல்றேன், பெட்ஷீட்டை மிஞ்ச எதுவும் இல்ல. 5க்கு நாலரை குடுப்பேன், அந்த அரை மார்க் ஏன் குறைஞ்சதுன்னு கீழ சொல்றேன்.

முதல்ல அந்த சார்ட் பேப்பர் கதை. அதை சொல்லாம பெயின்ட் பத்திப் பேசினா புரியாது.

ரோட்டோரம் வரிசையா நின்ன பெரிய பெரிய மரங்களை வெட்டப் போறாங்கன்னு தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரியே உக்காந்து நாலு சார்ட் பேப்பரை ஒட்டி "மரத்தை வெட்ட வேண்டாம்"னு போஸ்டர் கலர்ல எழுதினேன். காலையில போய் நின்னோம், அரை மணி நேரத்துல தூறல், பெரிய மழைகூட இல்ல. பேனருக்குப் பின்னாடி நின்னு பிடிச்சிட்டிருந்ததால எனக்கு முன்பக்கம் தெரியல. எதிர்ல வந்த ஒரு பாட்டி நின்னு நிதானமா படிச்சுட்டு, "ஏம்மா, மரத்தை வெட்டணும்னா நிக்கிறீங்க?"னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியாம முன்னாடி போய்ப் பார்த்தேன். டா-வோட கால் மொத்தமா கரைஞ்சு போயிருந்துச்சு, ட-வுக்குக் கீழ கலர் வழிஞ்சு வளைஞ்சு அப்படியே டு மாதிரி நின்னுச்சு. வேண்டாம், வேண்டும் ஆயிடுச்சு. எதுக்காக அங்க போய் நின்னோமோ அதுக்கு நேர் எதிரா ஒரு வாசகத்தை நானே தூக்கிப் பிடிச்சு நின்னிருக்கேன், அன்னைக்கு மனசு அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு.

அதுல இருந்து ரெண்டு விஷயத்துல ரொம்ப பிடிவாதமா இருக்கேன். ஒண்ணு, தண்ணி பட்டா கரையுற எதையும் கையில எடுக்குறதில்ல. ரெண்டு, தமிழ்ல பேனர் எழுதும்போது அர்த்தம் முழுக்க கடைசி எழுத்துல போய் தொங்குற மாதிரி வாசகம் வைக்கிறதில்ல. நம்ம மொழியில "இல்லை"ங்கிறது வாக்கியத்தோட வால்லதான் வரும், பேனர்ல முதல்ல மடங்குறதும் சுருள்றதும் அந்த ஓரம்தான். வெட்டாதே, மூடாதே, வேண்டாம் இதெல்லாம் காத்துல ஓரம் மடங்கினாலோ கம்பு பிடிக்கிறவர் கை மறைச்சாலோ அரைகுறையா நிக்கும். அடுத்த பேனர்ல "மரம் வாழட்டும்"னு எழுதினேன், எந்தப் பக்கம் மறைஞ்சாலும் எதிர் அர்த்தம் வராது, ரெண்டே வார்த்தை, ஓடுற பஸ்ல இருந்தே படிச்சிடலாம்.

வார்த்தை கம்மியா இருக்கணும்ங்கிறதை நான் எத்தனை தடவை சொன்னாலும் நண்பர்கள் நாலு வரி எழுதிக் கொண்டு வராங்க. 1968ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ் ஊர்ல துப்புரவுத் தொழிலாளர்கள் ஸ்டிரைக் பண்ணப்போ தூக்கின அட்டையில இருந்தது இங்கிலீஷ்ல நாலே வார்த்தை, "நான் ஒரு மனிதன்"னு அர்த்தம். சம்பளம், பாதுகாப்பு, சங்க அங்கீகாரம்னு கேக்க எவ்வளவோ இருந்தும் அட்டையில அதை மட்டும்தான் வச்சாங்க. மீதியை நோட்டீஸ்ல போட்டுக்கலாம், கேக்குறவங்ககிட்ட வாயால சொல்லிக்கலாம்.

இப்போ பெட்ஷீட்டுக்கு வரேன். சிங்கிள் பெட்ஷீட் கிட்டத்தட்ட 5 அடிக்கு ஏழரை அடி இருக்கும். நீளவாக்குல நடுவுல கிழிச்சா ரெண்டரை அடி உயரத்துல ரெண்டு பேனர் கிடைக்கும், ரெண்டு பேர் கை வலிக்காம பிடிக்கிற அளவு. நிறைய பெட்ஷீட்ல தலைமாட்டுப் பக்கம் கொஞ்சம் அகலமா மடிச்சுத் தைச்சிருப்பாங்க, நீளவாக்குல கிழிச்சா அந்த மடிப்பு சரியா பேனரோட ஒரு ஓரத்துல வந்து நிக்கும், பக்கத் தையலைப் பிரிச்சு உள்ள கம்பை விட்டா போதும். இன்னொரு ஓரத்துக்கு மட்டும் 4 இன்ச் மடிச்சு ரெண்டு தையல் போடணும்.

பழசா இருக்கிறதுதான் இதோட பெரிய பலம். புதுத் துணியில கஞ்சி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அது இருக்கிற வரைக்கும் பெயின்ட் நூலுக்குள்ள இறங்காது, மேலயே உக்காந்து அப்புறம் உரியும். நூறு தடவை துவைச்ச பெட்ஷீட்ல அந்தத் தொல்லையே இல்ல. சந்தேகமா இருந்தா ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, உடனே உறிஞ்சிடுச்சுன்னா துணி ரெடி, முத்து மாதிரி மேலயே நின்னுச்சுன்னா வெந்நீர்ல சோப்பு போட்டு இன்னொரு தடவை துவைக்கணும். என் பாலியஸ்டர் பேனர்ல அந்தச் சொட்டு ரொம்ப நேரம் நின்னுச்சு, நான் அதைக் கண்டுக்காம எழுதினேன், ரெண்டாவது தடவை மடிச்சுப் பிரிச்சதும் எழுத்து செதில் செதிலா கொட்டிடுச்சு.

பெயின்ட்ல என் ஓட்டு சுவருக்கு அடிக்கிற எமல்ஷனுக்குத்தான், தண்ணி கலக்குற வகை. யார் வீட்லயாவது சுவர் அடிச்சு மீந்த டப்பா கண்டிப்பா இருக்கும். சின்ன பேனர்னா அக்ரிலிக் நல்லாவே இருக்கும், மடிச்சாலும் வெடிப்பு கம்மி, ஆனா பெரிய எழுத்துக்கு டியூப் டியூபா காலியாகும். எதுவா இருந்தாலும் தண்ணி அதிகம் ஊத்தக்கூடாது, பத்துல ஒரு பங்குக்கு மேல போனா நூல் வழியா கசிஞ்சு எழுத்தோட ஓரம் முடி முளைச்ச மாதிரி ஆயிடும். தடியா ஒரே கோட்டிங் வேண்டாம், அது மடிப்புல வெடிக்கும், மெல்லிசா ரெண்டு தடவை அடிங்க. தொட்டா ஒட்டாத அளவுக்கு ஒரு மணி நேரத்துல காஞ்ச மாதிரி தெரியும், அதை நம்பி சுருட்டிடாதீங்க, ஒரு ராத்திரி முழுக்க விடணும். கீழ நியூஸ் பேப்பர் விரிக்காதீங்க, பெயின்ட் ஊறி பேப்பர் துணியோட ஒட்டிக்கும், பிளாஸ்டிக் ஷீட் விரிங்க. பர்மனன்ட் மார்க்கர் ஓரக்கோடு போட மட்டும்தான் லாயக்கு, உள்ள நிரப்ப உக்காந்தா துணி மையைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், ரெண்டு எழுத்துக்குள்ள மார்க்கர் செத்துடும்.

எழுத்துதான் இந்த வேலையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ஒரு நாள் முழுக்க இதுக்கே ஒதுக்குவேன். போர்டு எழுதுறவங்க வச்சிருக்கிற பொதுக் கணக்கு ஒண்ணு இருக்கு, 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் எழுத்து உயரம். 50 அடி தள்ளி இருக்கிறவங்க சிரமமில்லாம படிக்கணும்னா 5 இன்ச், 100 அடின்னா 10 இன்ச். இந்தக் கணக்கை இங்கிலீஷ் எழுத்துக்கு அப்படியே வச்சுக்கலாம், தமிழ்ல நான் ஒண்ணரை மடங்கு வைக்கிறேன், ஏன்னா ண, ணை, ஞ மாதிரி எழுத்துல சுழி சுழியா உள்ள வெத்திடம் இருக்கு, தடிச்ச பிரஷ்ல எழுதினா சுழி அடைச்சு தூரத்துல கருப்பு உருண்டையா தெரியும். எழுத்து உயரம் 8 இன்ச்னா கோட்டோட தடிப்பு 1 இன்ச்சைத் தாண்டாம பார்த்துக்கிறேன். புள்ளியை சும்மா பிரஷ் நுனியால தொட்டு வைக்காதீங்க, கோட்டோட தடிப்பைவிட பெருசா உருண்டையா வைங்க, புள்ளி தெரியலன்னா தமிழே தடுமாறும். அப்புறம் மேல ி ீ விசிறி, கீழ ு ூ வால், இதுக்கெல்லாம் இடம் விட்டுத்தான் வரி போடணும், ரெண்டு வரி எழுதுறவங்க இதை மறந்துட்டு மேல் வரியோட வாலையும் கீழ் வரியோட விசிறியையும் முட்ட விட்டுடுறாங்க.

துணியை எழுத்து எண்ணிக்கையால வகுத்து கட்டம் போடுறதும் தமிழுக்கு ஒத்து வராது. ர ஒல்லி, ண அகலம், ணை இன்னும் அகலம், கடைசி எழுத்து நெருக்கிக்கிட்டு நிக்கும். நான் பண்றது, ஒவ்வொரு எழுத்தையும் பழைய பேப்பர்ல வெட்டி துணிமேல பரப்பி, நகர்த்தி நகர்த்தி சரி பண்ணி, சாக்பீஸால சுத்தி வரைஞ்சு, ஸ்டூல் மேல ஏறி நின்னு பார்த்துட்டுத்தான் பெயின்ட் டப்பாவையே திறக்கிறது. வெட்டின எழுத்தை பத்திரமா வச்சா அடுத்த பேனருக்கும் ஆகும். என்கிட்ட இப்போ ம, ர, ட எல்லாம் ஒரு கவர் நிறைய இருக்கு.

கலர்ல பரிசோதனை வேண்டாம். வெள்ளையில கருப்பு, மஞ்சள்ல கருப்பு, இதுக்கு மேல எதுவும் தேவைப்பட்டதில்ல. சிவப்பு பகல்ல கோபமா அழகா இருக்கும், ஆனா பொழுது சாய சாய மனுஷக் கண்ணுக்கு முதல்ல மங்குற கலர் சிவப்புதான், சாயங்கால கூட்டத்துல சிவப்பு எழுத்து அழுக்குக் கருப்பா போயிடும். கருப்புல சிவப்பு எழுதவே எழுதாதீங்க.

கட்டுறது பத்தி. கயிறு கோக்க மூலையில உலோக வளையம் அடிக்கிறாங்கல்ல, அதை ஒத்தைத் துணியில அடிச்சா முதல் காத்துலயே பிச்சுக்கிட்டு வரும், மூலையை ரெண்டு மூணா மடிச்சு அதுக்குமேல அடிக்கணும். அதுக்கும் எளிய வழி ஒரு கூழாங்கல். மூலையில துணிக்குப் பின்னால உருண்டையா ஒரு கல்லை வச்சு, துணியால அதை மூடி, கழுத்துல கயிறை இறுக்கிக் கட்டினா எவ்வளவு இழுத்தாலும் கயிறு நழுவாது, துணியும் கிழியாது. பேனர் காத்து தாங்குறதுக்கு பிறை மாதிரி ஓட்டை வெட்டச் சொல்லுவாங்க, நானும் வெட்டினேன், காத்தோட இழுப்பு பெருசா குறையல, அந்த வெட்டு நுனியில இருந்துதான் துணி கிழிய ஆரம்பிச்சுது. அதுக்குப் பதிலா மேலயும் கீழயும் கொஞ்சம் தளர்வா விட்டு, காத்து பலமா வந்தா கம்பைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிறதுதான் சரியா வருது.

எங்க வைக்கிறதுங்கிறது இன்னும் முக்கியம். சிக்னல், வழிகாட்டி போர்டு, வண்டி திரும்புற முனை எதையும் மறைக்கக் கூடாது, மரத்துல ஆணி அடிக்கவே கூடாது, மரத்துக்காக நிக்கிற நாம அதைப் பண்ணினா நியாயமே இல்ல. மேம்பாலக் கைப்பிடியில கட்டிட்டுப் போறதை நான் நிறுத்திட்டேன், அவுந்து கீழ ஓடுற வண்டியோட கண்ணாடியில விழுந்தா ஒரு உயிரே போகலாம், நிறைய ஊர்ல அது சட்டப்படியும் குத்தம். ஆள் நின்னு கையால பிடிக்கிறதுதான் நல்லது. கம்பு விஷயத்துலயும் பல இடத்துல விதி இருக்கு, இரும்புக் கம்பி, தடிச்ச கட்டை எல்லாம் ஆயுதம்னு பிடுங்கிடுவாங்க, மெல்லிசான மூங்கில் இல்ல லேசான பிவிசி பைப் போதும், கிளம்புறதுக்கு முன்னாடி அந்தந்த இடத்து விதியை ஒரு தடவை கேட்டுக்கங்க.

கையால பிடிச்சு நிக்கிறதுக்கு இருக்கிற மதிப்பே வேற. 1917ல வெள்ளை மாளிகை கேட்டுக்கு வெளிய பெண்கள் ஓட்டுரிமை கேட்டு வாயே திறக்காம பேனரை மட்டும் பிடிச்சு நின்னாங்க, மாசக்கணக்கா, குளிர்லயும் மழையிலயும், நிறைய பேரை கைது பண்ணி ஜெயில்ல போட்டும் திரும்ப வந்து நின்னாங்க. பேச வேண்டியதை எல்லாம் அந்தத் துணி பேசிச்சு. 2018 ஆகஸ்ட்ல ஸ்வீடன் பார்லிமென்ட் வாசல்ல கிரெட்டா துன்பர்க் தனியா உக்காந்தப்போ பக்கத்துல இருந்ததும் வெள்ளைப் பலகையில கருப்புல கையால எழுதின மூணு வார்த்தைதான், பருவநிலைக்காக பள்ளி ஸ்டிரைக்னு.

ஃப்ளெக்ஸ் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். எழுத்து சுத்தம், மழைக்கு பயமில்ல, ரெண்டு மணி நேரத்துல கையில கிடைக்கும். ஆனா அது பிவிசி, மக்காது, எரிச்சா நச்சுப்புகை, மரத்தைக் காப்பாத்தப் போன இடத்துல அதை விரிக்க எனக்கு கூசுச்சு. அதைவிட, ஃப்ளெக்ஸைப் பார்த்தவங்க ஏதோ கட்சிக்காரங்கன்னு நினைச்சு நகர்ந்துட்டாங்க, கோணல்மாணலா கையால எழுதின பெட்ஷீட்கிட்டதான் நின்னாங்க, யார் எழுதினது, என்ன பிரச்சனைன்னு கேட்டாங்க. எங்க மனுவுல கையெழுத்து போட்டவங்கள்ல நிறைய பேர் அப்படி நின்னு கேட்டவங்கதான். அந்த வரிசையில பாதி மரம் இன்னைக்கும் நிக்குது.

குறைஞ்ச அரை மார்க்குக்கு வரேன். பழைய பெட்ஷீட் மெல்லிசு, சூரியன் பின்னாடி இருந்தா வெளிச்சம் ஊடுருவி, பிடிச்சிருக்கிறவங்க நிழல் எழுத்துமேல விழும், போட்டோவுல ஒண்ணும் படிக்க முடியாது. சூரியன் நம்ம முகத்துல அடிக்கிற மாதிரி நின்னா சரியாகும், ஆனா அந்த இடம் எப்பவும் நமக்குக் கிடைக்காது. நனைஞ்சா கனமும் ஏறும், பிடிக்கிறவங்களை அரை மணிக்கொரு தடவை மாத்தணும். மடிச்சு வச்சா கோடு விழும், அதனால எழுத்து வெளிப்பக்கம் இருக்கிற மாதிரி பைப்ல சுருட்டித்தான் வைக்கிறேன்.

ஏழாவது பேனருக்கு துணி துவைச்சு கொடியில காயுது. இந்தத் தடவை பின்னாடி பழைய கருப்புத் துணி ஒண்ணு வச்சுத் தைக்கப் போறேன், வெளிச்சம் நிக்குதா, கனம் எவ்வளவு கூடுதுன்னு பிடிச்சுப் பார்த்துட்டு மார்க்கை மாத்துறேன்.