'எஃப்2 தக்காளி விதை' என்று வாங்கி இரண்டு பருவம் இழந்தேன்: வாங்குமுன் படியுங்கள்

வீட்டுத் தோட்டத்தில் தக்காளி ரகங்களைக் கலந்து புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னை ஏமாற்றி விற்ற அதே விதைப் பாக்கெட்டின் படம், அதே வாசகத்தோடு, போன வாரம் வேறொரு பெயரில் விற்பனைக்கு வந்திருக்கிறது. இத்தனை நாள் எழுதாமல் இருந்தது என் தவறு.

பாக்கெட்டில் இப்படித்தான் இருந்தது: 'எஃப்2 தலைமுறை. தாய்: உருளைக்கிழங்கு இலை கொண்ட உயர ரகம். தந்தை: கருநீலப் பழம் தரும் குட்டை ரகம். 25 விதைகள்.' என் இடம் சின்னது, தொட்டிகளில்தான் வளர்க்கிறேன். உருளை இலையும் கருநீலப் பழமும் கொண்ட குட்டைச் செடி ஒன்று வேண்டும் என்று பல நாள் ஆசை. சாதாரண விதையைவிடப் பல மடங்கு விலை. யாரோ ஒருவர் கை வலிக்க மகரந்தம் சேர்த்து, ஒரு தலைமுறை வளர்த்து எடுத்த விதை என்று நினைத்ததால் விலையைப் பற்றி யோசிக்கவில்லை.

25 விதையில் 22 முளைத்தன. எஃப்2 என்றால் என்ன எதிர்பார்க்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு தூய ரகங்களைக் கலந்தால் வரும் முதல் தலைமுறை, அதாவது எஃப்1, எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். அதன் பழத்திலிருந்து எடுத்த விதைதான் எஃப்2. அதில்தான் பண்புகள் பிரியும். உருளை இலையும் குட்டைத் தன்மையும் ஒடுங்கு பண்புகள், அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே எஃப்2 நாற்றில் ஏறக்குறைய நான்கில் ஒன்று உருளை இலையோடு வர வேண்டும், நான்கில் ஒன்று குட்டையாக வர வேண்டும். இரண்டும் சேர்ந்தது 16-இல் ஒன்று. மெண்டல் 1866-இல் பட்டாணியை வைத்து எழுதியது இதுவே, தக்காளியிலும் அப்படியே நடக்கும்.

இந்த இரண்டு பண்பையும் பார்க்கப் பழம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நான்காவது இலை விரியும்போதே தெரிந்துவிடும். வழக்கமான தக்காளி இலையின் ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும். உருளை இலையில் அந்த வெட்டுகள் இருக்காது, அகலமாக, ஓரம் சீராக இருக்கும். குட்டை நாற்று தண்டு தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருங்கி, பக்கத்து நாற்றைவிடக் குள்ளமாக நிற்கும்.

என் 22 நாற்றும் வெட்டு இலை. 22-ம் உயரம்.

அன்றைக்கே கணக்குப் போட்டிருக்க வேண்டும். உண்மையான எஃப்2-வில் 22 செடியில் ஒன்றுகூட உருளை இலை வராமல் போக வாய்ப்பு 1,000-இல் 2-க்கும் குறைவு. குட்டையும் ஒன்றுகூட வராமல் போக வேண்டும் என்றால் 10 லட்சத்தில் சுமார் 3. இதை நேர்மையான விதையில் வந்த துரதிர்ஷ்டம் என்று சொல்லவே முடியாது. நான் அதைச் செய்யாமல் விற்றவரிடம் படம் அனுப்பிக் கேட்டேன். 'நாற்றில் ஒன்றும் தெரியாது, பழம் வரட்டும், பொறுமையாக இருங்கள்' என்று பணிவாகப் பதில் வந்தது. பொறுத்தேன். பணம் திரும்பக் கேட்பதற்கான கெடு அந்த இடைவெளியில் முடிந்துபோனது.

விதை மோசடி நடப்பதே இந்த இடைவெளியில்தான். கெட்டுப்போன பொருளை வாங்கினால் பிரித்ததும் தெரிந்துவிடும். தக்காளி விதையில் பழத்தைக் கையில் பிடித்து 'இது அது இல்லை' என்று சொல்ல மூன்று நான்கு மாதம் ஆகிறது. அதற்குள் புகார் சொல்லும் வழி எல்லாம் மூடிவிடும். 'பழம் வரட்டும்' என்று அவர் சொன்னது அறிவுரை என்று நினைத்தேன். காலம் கடத்தத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

பழம் வந்தது. 22 செடியிலும் ஒரே அளவில் உருண்டையான சிவப்புப் பழம். தோளில் கருமை சிறிதும் இல்லை. மறுபடி எழுதினேன். இந்த முறை வந்த பதிலை நான் முழுமையாக நம்பினேன்: 'தவறுதலாக எஃப்1 விதை வந்திருக்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போடுங்கள், அடுத்த முறை பிரியும்.' எஃப்1 ஒரே அச்சாகத்தான் இருக்கும், இரண்டு ஒடுங்கு பண்பும் வெளியே தெரியாது. அதனால் அந்தப் பதிலில் எனக்குக் குறை தெரியவில்லை. பாக்கெட் மாறிப்போவது நேர்மையானவர்களுக்கும் நடக்கும். மூன்று செடியிலிருந்து விதை எடுத்து, நொதிக்க வைத்து, கழுவி, காயவைத்து, அடுத்த பருவம் 40 நாற்று வளர்த்தேன். இருந்த தொட்டி பெரும்பாலானதை இதற்கே கொடுத்தேன்.

40-லும் வெட்டு இலை, 40-ம் உயரம். பழமும் அதே சிவப்பு. அது எஃப்1-கூட இல்லை. ஏற்கெனவே நிலைபெற்ற ஏதோ ஒரு சாதாரண ரகத்தின் விதையை அள்ளிப் போட்டு, மேலே கலப்பு என்று எழுதி விற்றிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

விளம்பரப் படத்தையும் அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். அறுத்த பழத்தின் சதை முழுக்க நீலம். வழக்கமான கலப்பில் வந்த கருநீல ரகங்களில், 2012-இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட இண்டிகோ ரோஸ் உட்பட, நிறம் தோலில்தான் இருக்கும். அதுவும் வெயில் படும் பக்கம்தான். காம்பு இதழ் மறைத்த இடத்தில் அந்த நிறம் ஏறாது. சதைவரை ஊதாவாக இருக்கும் தக்காளி ஒன்று உண்டு, ஆனால் அது ஸ்நாப்டிராகன் பூச்செடியின் மரபணுவைச் செலுத்தி ஆய்வகத்தில் உருவாக்கியது. இரண்டு ரகங்களின் பூவைச் சேர்த்து அதை எடுக்க முடியாது. படத்தில் நிறத்தை ஏற்றியிருக்கிறார்கள். இதே போலத் தக்காளியை மிளகாயோடும் கத்தரியோடும் கலந்ததாக வரும் விதைகளும் பொய். ஒட்டுக் கட்டலாம், மகரந்தம் சேர்த்து விதை எடுக்க முடியாது.

கலப்பு விதை வாங்குவதாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தாய் எது, தந்தை எது, ரகப் பெயரோடு? எந்தத் தலைமுறை? எஃப்1 செடியின் படம் இருக்கிறதா? உண்மையில் கலப்பு செய்தவரிடம் இவை குறிப்பேட்டில் இருக்கும், கேட்டால் சந்தோஷமாகவே சொல்வார். 'ரகசியக் கலப்பு' என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். எஃப்3-ஐ 'நிலைபெற்ற புது ரகம்' என்று விற்பதையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புத் தன்மை பாதிதான் குறைகிறது: எஃப்2-வில் 50 சதவீதம், எஃப்3-இல் 25. ஓரளவு நிலைபெற எஃப்6, எஃப்7, எஃப்8 வரை போக வேண்டும்.

எண்ணிக்கையும் முக்கியம். இரண்டு ஒடுங்கு பண்பும் சேர்ந்த செடி ஒன்றாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 47 செடி வளர்க்க வேண்டும். 10 விதையை எஃப்2 என்று விற்பவர், விதை உண்மையானதாக இருந்தாலும், வாங்குபவரைப் பற்றி யோசிக்கவில்லை.

அந்தப் பாக்கெட்டை ஏற்கெனவே வாங்கி விதைத்துவிட்டீர்களா? நான்காவது இலையில் எண்ணுங்கள், தேதி தெரியப் படம் எடுங்கள், அன்றே புகார் கொடுங்கள். பழம்வரை காத்திருக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

இரண்டாவது பருவத்தில் மீதமிருந்த தொட்டிகளில் நானே ஒரு கலப்பு செய்தேன். உருளை இலைச் செடியைத் தாயாக வைத்தேன். நாளை விரியப் போகிற மொட்டில், இதழ் வெளிர்மஞ்சளாக இருக்கும்போதே, மகரந்தப்பைக் கூம்பை இடுக்கியால் எடுத்துவிட்டு, குட்டைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, நூல் கட்டினேன். அந்த விதையில் ஆறு நாற்று வந்தன. ஐந்து வெட்டு இலை, ஒன்று உருளை இலை. அந்த ஒன்று தன் மகரந்தத்தாலேயே உண்டானது என்று அப்போதே தெரிந்தது, பிடுங்கிவிட்டேன். உருளை இலையைத் தாயாக வைப்பதன் பலன் இதுதான்.

அந்த ஐந்தின் விதைகள் இப்போது குழித்தட்டில் இருக்கின்றன. இன்று காலை எண்ணினேன். 30 நாற்றில் 8 உருளை இலை, 7 குட்டை. இரண்டும் சேர்ந்தது 2.