வீட்டுக்கு வந்து பார்க்கும் மாட்டு டாக்டர்: 5-க்கு 4

பெருந்துறைப் பக்கம் வீடு தேடி வந்து மாடு பார்க்கும் டாக்டர் இவர். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

எங்கள் கலப்பின ஜெர்சிக்கு என்னவென்றே புரியாமல் பத்து நாள் ஓடியது. காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கம் இல்லை. ஒருநாள் தின்னும், மறுநாள் சோளத்தட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றுகொள்ளும். சாணி நுரையும் தண்ணியுமாகப் போனது. பால் சொசைட்டியில் பாலின் கொழுப்பு 4.3-லிருந்து 3.1-க்கு இறங்கியதும், தண்ணீர் ஊற்றியவளைப் போல என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேர் வந்து ஊசி போட்டார்கள். காசு போனதுதான் மிச்சம்.

இவர் ஊசியைத் தொடவே இல்லை. இடதுபக்கப் பள்ளத்தில் கையை அழுத்தி வயிறு அசைவதை எண்ணினார். இரண்டு நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை அசைய வேண்டுமாம். ஒரே தடவைதான் அசைந்தது. அப்புறம் வாய்வழியே குழாய் விட்டு வயிற்றுச் சாறு எடுத்தார். முதலில் வந்ததைக் கீழே கொட்டிவிட்டார். எச்சில் கலந்தால் புளிப்பு குறைவாகக் காட்டிவிடுமாம். அடுத்து வந்ததில், புளிப்பை அளக்கும் பிஎச் காகிதத்தை நனைத்தார். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 6-க்கு மேல் இருக்க வேண்டியது ஐந்தரையில் நின்றது. பச்சையாக இருக்க வேண்டிய சாறு, சாம்பல் நிறத்தில் புளித்த மாவு வாடை அடித்தது.

"தொட்டியில என்னங்க ஊத்துறீங்க?"

ரேஷன் அரிசிக் கஞ்சி. பால் கூடுமென்று நான்தான் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். மாவு அதிகமானால் அமிலம் சுரக்கும் பாக்டீரியா பெருகிவிடும், தட்டையும் வைக்கோலையும் செரிக்கிற பாக்டீரியா அந்தப் புளிப்பில் தாங்காது, கொழுப்பும் அதனால்தான் இறங்குகிறது என்றார்.

கஞ்சியை நிறுத்தி, சோடா உப்பு கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்காவின் நல்ல மாட்டிலிருந்து மூன்று லிட்டர் சாறு எடுத்து, வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் எங்கள் மாட்டுக்கு ஏற்றினார். "பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதானுங்க." மூன்றாம் நாள் சாயங்காலம் படுத்து அசை போட்டது. கொழுப்பு 4-ஐத் தொட இரண்டு வாரம் ஆனது.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது ஏன் என்றால், போனை எடுக்கவே மாட்டார், சொன்ன நேரத்துக்கு நாலு மணிநேரம் கழித்து வந்தார், 1,200 ரூபாய்க்கு ரசீதும் இல்லை. கூப்பிடும் முன் சாறு கொடுக்க ஒரு நல்ல மாட்டையும், சம்மதிக்கிற சொந்தக்காரரையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அக்கா இன்னமும் கேட்கிறார்: "உன்ற மாட்டு வயித்துல என்ற மாட்டுச் சொத்து இருக்குது, பால்ல பங்கு எங்கே?"