ரங்கூன் மழையில் படம் எடுக்க: போனா, கேமராவா?

மே மாதம் பிடித்தால் அக்டோபர் வரை ரங்கூனில் மழைதான். "அண்ணே, போனே போதுமா, கேமராவும் தூக்கணுமா?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். இரண்டையும் நனைத்துப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

செலவு: போன் கையிலேயே இருக்கிறது. கேமராவுக்கும் தனி மழையுறை வேண்டாம். பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவு ஓட்டை, ஒரு ரப்பர் பேண்ட், அவ்வளவுதான்.

தாக்குப்பிடிப்பது: ஐபி68 (தூசியும் நீரும் புகாத தரம்) போன் சாரலுக்கு அஞ்சாது. கேமராவுக்கு மழையைவிட ஏசிதான் வில்லன். குளிர்ந்த அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும். வெளியே வந்ததும் கேமராப் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வையுங்கள். நான் அவசரப்பட்டதில், அனோரத்தா சாலைக் காளி கோயில் கோபுரம் பாலாடை போர்த்தியது போல வந்தது.

சுலபம்: போன். ஆனால் திரை நனைந்தால் விரல் சொல்வதைக் கேட்காது. ஒலிப் பொத்தானை அமுக்கி எடுங்கள்.

படம்: துளிதான் வேண்டும் என்றால் கேமரா. ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் துளி அந்தரத்தில் நிற்கும், 1/30 நொடி வைத்தால் கோடாக இழுபடும். ஆனால் ஒன்று, வெளிச்சம் துளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிரே வரும் கார் விளக்கே போதும்.

தேங்கிய நீரில் பிம்பம் பிடிக்கப் போனை மிஞ்ச ஆளில்லை. தலைகீழாகத் திருப்பி, லென்ஸைத் தண்ணீரை ஒட்டினாற்போல் பிடியுங்கள். கையகலக் குட்டைக்குள் சூலே பகோடா என்ற புத்த கோபுரம் முழுசாக நிற்கும். லுங்கி நனையும், பரவாயில்லை.