நடுவில் தேயும் ஊருக்கு எந்த டயர்?

என் டோமினார் 400 பைக்கின் பின் டயர் நடுமண்டையில் மட்டும் வழுக்கையாகிவிட்டது. இரண்டு ஓரமும் கடையிலிருந்து வந்த மாதிரியே இருக்கிறது. 19,000 கிலோமீட்டர் ஓடிய டயர். கொடைக்கானல் பக்கம் ஓட்டுகிறவர்களிடம் காட்டினால் சிரிப்பார்கள். எங்கள் ஊர்ச் சாலை அப்படி. தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் கயிறு பிடித்துப் போட்டதுபோலப் போகிறது. உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் பாம்பன் போகிற சாலையிலும் வண்டியைச் சாய்க்க வேலை குறைவு.

தட்டையான டயரின் தொல்லை நேரே போகும்போது தெரியாது. ராமநாதபுரம் பட்டணம்காத்தான் சந்திப்பில் திருப்பும்போது வண்டி முதலில் அடம்பிடிக்கும். தட்டையின் விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று உள்ளே விழும். இரண்டு தடவை விழுந்து பார்த்ததும் டயர் தேட ஆரம்பித்தேன்.

அளவு முன்னால் 110/70 ஆர்17, பின்னால் 150/60 ஆர்17. டியூக் 390, அப்பாச்சி ஆர்ஆர் 310 வைத்திருப்பவர்களுக்கும் இதே அளவுதான் என்பதால் தேர்வுக்குப் பஞ்சமில்லை. ஆர் என்றால் ரேடியல், உள்ளிழைகள் டயரின் குறுக்கே ஓடுகிற கட்டுமானம். விலை குறைவு என்று யாராவது ரேடியல் அல்லாத டயரைப் பின்னால் மட்டும் மாட்டச் சொன்னால் வேண்டாம். முன்னால் ரேடியல், பின்னால் வேறு கட்டுமானம் என்றால் வண்டி இரண்டு புத்தியோடு ஓடும்.

கடைசியில் மூன்று நின்றன: பைரெல்லி டயப்ளோ ரோஸோ 3, மிஷெலின் ரோடு 5, அப்போலோ ஆல்ஃபா எச்1.

ரோஸோவைச் சீக்கிரமே ஒதுக்கினேன். அருமையான டயர், சந்தேகமில்லை. அதன் ஓரங்களில் வெட்டே இல்லாத வழவழப்பான ரப்பர், நன்றாகச் சாய்ந்து திரும்பும்போது ஒட்டிக்கொள்வதற்காக வைத்தது. அந்த ஓரத்தை நான் எங்கே போய்த் தொடுவது? தனுஷ்கோடியிலா? முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரண்டு பக்கமும் கடல், சாலையில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். அந்த மணலில் எந்த ரோடு டயரும் ஒன்றுதான்.

யோசிக்க வைத்தது ரோடு 5. நீண்ட பயணத்துக்கென்றே செய்தது. நடுவில் உழைக்கிற கலவை, ஓரத்தில் மென்மையான கலவை என்று இரட்டை ரப்பர். நடுமண்டை தேய்கிற என் நோய்க்கு நேரான மருந்து. அதைவிட முக்கியம், அதிலுள்ள மெல்லிய கீறல்கள் உள்ளே போகப் போக அகலமாவதால் பாதி தேய்ந்த பிறகும் தண்ணீரை ஒதுக்கும். இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள்தான். ஆனால் மாதக்கணக்கில் காய்ந்த சாலையில் விழுகிற முதல் மழை மோசமானது. தூசியும் எண்ணெயும், மீன் வண்டிகள் சொட்டிக்கொண்டே போன ஐஸ் தண்ணீரும் சேர்ந்து சாலை பாசி பிடித்த படித்துறை ஆகிவிடும். பாம்பன் பாலத்தின் இரும்பு இணைப்புகளில் அப்போது பிரேக் பிடிக்கவே கூடாது. பக்கவாட்டுக் காற்று வேறு தள்ளும்.

அப்படியானால் ரோடு 5-தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன், பஞ்சர் கடைக்குப் போகும் வரை.

கடைக்காரத் தம்பி என் பழைய டயரைச் சுற்றிவிட்டு, குறடால் கருவை முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தகர டப்பா மூடியில் போட்டான். பதினொன்று. பாதி முறிந்து உள்ளேயே இருந்தவை. சோப்புத் தண்ணீர் தடவினான், இரண்டு இடத்தில் குமிழி வந்தது. "அண்ணே, நடுவுல குத்துனா நான் அடைச்சிருவேன். சைடுல குத்துனா டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். நீங்க தங்கத்துல டயர் போட்டாலும் இந்த முள்ளுக்குத் தெரியாது" என்றான். சீமைக்கருவேலம் இல்லாத ஓரம் இந்த மாவட்டச் சாலைகளில் அபூர்வம். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிய டிராக்டர் முன்னால் போனால் முள் உறுதி.

எனக்குச் சொன்ன விலையில் ரோடு 5 ஒன்றின் காசுக்கு ஆல்ஃபா எச்1 கிட்டத்தட்ட இரண்டு வாங்கலாம். எச்1-உம் ரப்பருக்கு அடியில் ஸ்டீல் பெல்ட் போட்ட ரேடியல்தான். மழைப்பிடிப்பில் ரோடு 5-ஐ அது எட்டாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு முள்ளில் முழு டயரும் போய்விடக்கூடிய ஊரில், இரண்டாவது டயருக்குக் காசு கையில் இருப்பது எனக்குப் பெரிதாகப் பட்டது. எச்1 மாட்டினேன். மழைக்காலத்தில் சென்னைக்கு அடிக்கடி ஓட்டுகிறவர் என்றால் ரோடு 5 வாங்குங்கள், என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

டயர் எவ்வளவு வேகம் வரை தாங்கும் என்று சொல்கிற வேக எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., டபிள்யூ என்றால் 270. டோமினாருக்கு எச் எழுத்தே அதிகம். பார்க்க வேண்டியது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம்: 3224 என்றால் 2024-இன் 32-ஆவது வாரம் செய்தது. இந்த அளவு டயர் சின்ன ஊர்க் கடைகளில் வேகமாக விற்காது. எனக்கு முதலில் எடுத்துக் காட்டியது மூன்று வருஷம் கிடந்த சரக்கு. வேண்டாமென்று சொல்லி, புதியது வர நான்கு நாள் காத்திருந்தேன்.

புது டயரின் மேல் வழவழப்புப் போகும் வரை, முதல் நூறு கிலோமீட்டருக்காவது, நிதானம் வேண்டும். தொண்டிக்கு ஒரு நடை போய்வந்தேன். பட்டணம்காத்தானில் வண்டி அடம்பிடிக்காமல் திரும்பியது.